தையல்காரர் துணி வாங்குவதை நிறுத்தும் நாள்: தீபாவளிச் சேலைகளும் ஸ்பீடு போஸ்ட்டும்

திண்டுக்கல்லில் வீட்டின் முன்னறையில் இருந்தபடியே சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்றுவருகிறேன். மற்ற பத்து மாதங்களில் விற்பது ஒரு பங்கு என்றால், புரட்டாசியிலும் ஐப்பசியிலும் விற்பது இன்னொரு பங்கு. இந்த இரண்டு மாதங்களில் நான் பெரிதும் நம்பியிருப்பது அஞ்சல் துறையின் ஸ்பீடு போஸ்ட் சேவையைத்தான். ஆறு தீபாவளிகள் அதில் அனுப்பிப் பார்த்தாயிற்று. நாளொன்றுக்குப் பத்து, இருபது பார்சல் கட்டுகிற என்னைப் போன்ற சிறு விற்பனையாளர்களுக்கு இந்தச் சேவை எந்தத் தேதி வரை கைகொடுக்கும், எந்தத் தேதிக்குப் பிறகு அதை நம்பி வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதை, வருகிற தீபாவளிக்கு நேரம் இருக்கும்போதே எழுதிவிட நினைத்தேன்.

முதலில் ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அது அஞ்சலகத்தின் தவறு அன்று, என்னுடையது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு 21-ஆம் தேதி திங்கட்கிழமை ஒரு மாம்பழ மஞ்சள் சேலையை அனுப்பினேன். புதன்கிழமை மதியமே அவர் கைக்குப் போய்விட்டது. பண்டிகைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன். மறுநாள் அவரே அழைத்தார். “சேலை வந்துருச்சுங்க அக்கா, கலர் ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா எங்க டெய்லர் போன வாரமே துணி வாங்குறத நிறுத்திட்டாருங்க. ஜாக்கெட் இல்லாம எப்படிங்க கட்டுறது?” பழைய மஞ்சள் ரவிக்கை ஏதாவது பொருந்துமா என்று கேட்டேன், அவருக்கும் எனக்கும் அது ஆறுதலாக இல்லை. அந்தச் சேலையை அவர் கார்த்திகையில்தான் கட்டினார்.

அதுவரை தீபாவளியைத்தான் கடைசி நாளாக வைத்து நாள்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். சேலை விற்பவளுக்குத் தீபாவளி கடைசி நாளே அன்று. தெருமுனைத் தையற்கடைக் கண்ணாடியில் “தீபாவளி ஆர்டர் முடிந்தது” என்று அட்டை தொங்கும் நாள்தான் கடைசி நாள். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை அது மாறும் என்றாலும், பண்டிகைக்குப் பத்து முதல் பதினைந்து நாள்களுக்கு முன்பே பெரும்பாலான தையற்கடைகள் புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுகின்றன. ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிப்பவர்களும் அப்படியே. ஆகவே ஒரு அனுப்பும் சேவையை மதிப்பிடும்போது அது எத்தனை நாளில் கொண்டுசேர்க்கிறது என்று மட்டும் பார்ப்பது எங்களுக்குப் பயன்படாது. அது சொன்ன நாளுக்கும் சேர்த்த நாளுக்கும் இடையே எவ்வளவு ஊசலாடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் ஸ்பீடு போஸ்ட்டின் பலம் அதன் வேகத்தில் இல்லை. அதை வைத்து நாள் கணக்குப் போட முடிகிறது என்பதே அதன் பலம்.

1986 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கப்பட்ட சேவை இது. தொடங்கியபோது கடிதமும் ஆவணமும்தான் மனத்தில் இருந்திருக்கும். இன்று எங்கள் ஊர்த் தலைமை அஞ்சலகக் கவுன்ட்டரில் என் முன்னும் பின்னும் நிற்பவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒன்றை விற்று அனுப்புகிறவர்கள். ஊறுகாய், மரச்செக்கு எண்ணெய், வெள்ளிக் கொலுசு, கைப்பை என்று அவரவர் பையில் அவரவர் பிழைப்பு. நாடு முழுவதும் 1,64,000-க்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இருப்பதால், “உங்கள் பின்கோடுக்கு எங்கள் சேவை இல்லை” என்ற பதிலை இங்கே கேட்க வேண்டியதில்லை. பெருநகரத்தில் உள்ள வாடிக்கையாளருக்கு எந்தக் கூரியரும் போகும். போடிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு, அந்த ஊர்த் தபால்காரர் மட்டும்தான் போகிறார்.

கணக்குப் போடுவது எப்படி என்பதற்கு வருகிறேன். ஒரு நோட்டில் மூன்றே பத்திகள் வைத்திருக்கிறேன்: பார்சல் கொடுத்த நாள், பட்டுவாடா ஆன நாள், பின்கோடின் முதல் எண். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் முதல் எண்ணே பார்சல் எந்தத் திசைக்குப் போகிறது என்பதைச் சொல்லிவிடும். 6 என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம். 5 என்றால் கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா. 4 என்றால் மும்பைப் பக்கம். 1 என்றால் தில்லிப் பக்கம். 7 என்றால் கொல்கத்தாவும் அதற்கு அப்பாலும். சாதாரண மாதங்களில் என் நோட்டில் 6-க்கு இரண்டு நாள், 5-க்கு மூன்று, 4-க்கும் 1-க்கும் மூன்று அல்லது நான்கு, 7-க்கு ஐந்து அல்லது ஆறு என்று இருக்கும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் இதே எண்கள் 4, 5, 7, 10 என்று நீள்கின்றன. சராசரியைப் பார்த்து மனம் குளிர்வதில் பயனில்லை. ஒவ்வொரு திசைக்கும் எது மிக மெதுவாகப் போனதோ அந்தப் பார்சலின் நாளைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். இருபது சேலை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. தாமதமாகப் போன ஒன்றைப் பற்றித்தான் அந்தத் தெருவே பேசும்.

இந்த ஆண்டு, அதாவது 2026-இல், தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நவம்பரில் வருகிறது, நேரம் நிறைய இருக்கிறது என்று தோன்றும். நாள்காட்டியைச் சற்று உற்றுப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். தையற்கடைகள் அக்டோபர் 24 வாக்கில் துணி வாங்குவதை நிறுத்தக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய வாரத்தில் 18 ஞாயிறு, 19 ஆயுத பூசை, 20 விஜயதசமி என மூன்று நாள்கள் அடுத்தடுத்துப் போகின்றன. அஞ்சலகம் மட்டுமல்ல. தையற்கடையும் அன்று ஓடாது. பொட்டு வைத்து, மாலை போட்டு, பொரியும் கடலையும் படைத்த தையல் இயந்திரத்தை ஆயுத பூசையன்று எவரும் மிதிக்கமாட்டார்கள். 21-ஆம் தேதி பட்டுவாடா ஆகும் என்று நம்பி இருப்பது கயிற்றின் மேல் நடப்பது போன்றது. மூன்று நாள் தேங்கிய மூட்டைகள் எல்லாம் அன்றுதான் தபால்காரரின் பைக்கு வரும். ஆகவே 17-ஆம் தேதி சனிக்கிழமைக்குள் சேலை வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், 6-இல் தொடங்கும் பின்கோடுகளுக்கு அக்டோபர் 13, 5-க்கு 12, 4-க்கும் 1-க்கும் 10, 7-க்கு 7 என்று வருகிறது. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அசாமுக்கும் மேற்கு வங்கத்துக்கும் ரவிக்கைச் சேலை விற்பதை நான் நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் இதன் பொருள். கேட்பதற்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தைக்க வேண்டாத பொருள்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வேட்டி, துண்டு, குழந்தைகளுக்கான தைத்த பாவாடை, வீட்டில் ஏற்கெனவே ரவிக்கை இருக்கிறது என்று சொல்பவர்களின் சேலை ஆகியவற்றை மாதக் கடைசி வரையிலும் அனுப்பலாம். அதனால் என் விற்பனைப் பக்கத்தில் கடந்த ஆண்டிலிருந்து இரண்டு கடைசி நாள்களைப் போடுகிறேன்: ரவிக்கை தைக்க வேண்டியவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு “எப்போ வரும்?” என்ற கேள்விகள் குறைந்து, “அப்போ நான் எந்தத் தேதிக்குள்ள போடணும்?” என்ற கேள்விகள் கூடின. இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

இனிக் கவுன்ட்டரில் நடப்பது. ஸ்பீடு போஸ்ட் கட்டணம் எடையின் படிகளில் ஏறுகிறது. 500 கிராமைத் தாண்டினால் அடுத்த படி. பருத்திச் சுங்குடி ஒன்று, ரவிக்கைத் துணியோடு சேர்த்து, கஞ்சியின் கனத்தையும் நூலின் தரத்தையும் பொறுத்து 420 முதல் 470 கிராம் வரை நிற்கிறது. அட்டைப் பெட்டியில் வைத்தால் எந்தச் சேலையானாலும் படியைத் தாண்டிவிடும். மெல்லிய பாலித்தீன் உறையில் சேலையை நுழைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டி, அதன் மேல் கிழியாத வெள்ளை உறை ஒன்றைப் போட்டால் 20 கிராமுக்குள் முடிந்துவிடுகிறது. நன்றி அட்டை ஒன்று வைத்துக்கொண்டிருந்தேன். அதன் எடை 9 கிராம். கனமான சேலைகளுக்கு அந்த நன்றியை வாட்ஸ்அப்பிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தராசு 498 காட்டினால் அஞ்சலகத் தராசு 502 காட்டும் என்பது எப்படியோ ஒரு விதியாகிவிட்டது. ஆகவே 490-இலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முகவரிச் சீட்டு பற்றியும் ஒரு சொல். ஐப்பசி அடைமழையில் தபால்காரர் நனைந்துகொண்டுதான் வருவார். இங்க்ஜெட் அச்சில் எடுத்த முகவரி ஒரு தூறலுக்கே கரைந்து நீல மேகமாகிவிடும். பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, அதன் மேல் அகலமான ஒளி ஊடுருவும் நாடாவை ஒட்டிவிடுவதே போதும். கவுன்ட்டரில் ஒட்டும் பார்கோடுக்கு மட்டும் நாடா இல்லாத இடம் விட வேண்டும்.

ஒவ்வொரு அஞ்சலகத்திலும் அன்றைய பையைக் கட்டும் நேரம் என்று ஒன்று உண்டு. பலகையில் எழுதியிருக்கும் கவுன்ட்டர் நேரம் வேறு, பை கட்டும் நேரம் வேறு. பை கட்டிய பிறகு கொடுத்த பார்சலுக்கும் அன்றைய தேதியில் ரசீது கிடைக்கும். பார்சல் மட்டும் மறுநாள் வரை அங்கேயே படுத்திருக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் இது தெரியாமல், மாலையில் போனால் கூட்டம் இல்லை என்று மாலையிலேயே போய்க்கொண்டிருந்தேன். கேட்டால் சொல்கிறார்கள், கேட்காமல் யாரும் சொல்வதில்லை. இப்போது காலை பதினொன்றுக்குப் போகிறேன். பின்கோடு, பெயர், கைபேசி எண் மூன்றையும் தட்டச்சு செய்த பட்டியலையும் எடுத்துச் செல்கிறேன். பார்சல்களைப் பின்கோடு வரிசையில் அடுக்கிக் கொடுத்தால் எழுத்தர் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்துகொண்டே போகிறார். என் பின்னால் ஒரே ஒரு கடிதத்தோடு நிற்பவரை முன்னே விட்டுவிடுவதும் நல்லது. இருபது பார்சலோடு நிற்பவளை அவர் பார்க்கும் பார்வையைத் தாங்குவது எளிதன்று.

ரசீதில் இரண்டு எழுத்து, ஒன்பது எண், இரண்டு எழுத்து என்று பதின்மூன்று இடங்களில் ஒரு எண் இருக்கும். அதைக் கையால் தட்டி வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டாம். ஒன்பது எண்களில் கடைசியானது முதல் எட்டையும் சரிபார்ப்பதற்கான எண் என்பதால், ஓர் இலக்கம் தவறினாலும் தேடலில் எதுவும் வராது. பதறிப்போய் அவர் நம்மைத்தான் அழைப்பார். ரசீதைப் படம் எடுத்து அனுப்புவதே எளிது. இணையத்தில் தெரியும் நிலவரம் சுருக்கமானது: பை மூடப்பட்டது, அனுப்பப்பட்டது, பெறப்பட்டது, பட்டுவாடாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. வரைபடத்தில் வண்டி நகர்வதைக் காட்டும் செயலிகளுக்குப் பழகிய இளம் வாடிக்கையாளர்களுக்கு இது போதவில்லை. எனக்குப் போதும்.

2025 அக்டோபர் 1 முதல், கேட்டால் ஒருமுறைக் கடவுச்சொல் சொன்ன பிறகே ஒப்படைக்கும் வசதி வந்திருக்கிறது. அதற்குப் பார்சல் ஒன்றுக்கு 5 ரூபாய், வரி தனி. விலை கூடிய சேலைகளுக்கு நல்ல வசதிதான், ஆனால் பண்டிகைக் காலத்தில் ஒரு பொறியும் அதில் இருக்கிறது. எனக்கு வரும் தீபாவளி ஆர்டர்களில் கணிசமானவை பிள்ளைகள் தாய்க்கு வாங்குபவை. துபாயில் இருக்கும் மகன் பணம் கட்டுகிறார், கும்பகோணத்தில் இருக்கும் அம்மா வாங்கிக்கொள்கிறார். ஆர்டரில் இருப்பதோ மகனின் கைபேசி எண். தபால்காரர் கும்பகோணத்து வாசலில் நிற்க, கடவுச்சொல் துபாய்க்குப் போனால் என்ன செய்வது? பெறுபவரின் எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்கிப் போடுவது இப்போது என் வழக்கம்.

அதோடு இன்னொன்றையும் கேட்கிறேன்: “தீபாவளி வாரத்தில் எந்த ஊரில் இருப்பீர்கள்?” சென்னையில் பாதி வீடுகள் அந்த வாரம் பூட்டியிருக்கும். கோயம்பேடும் கிளாம்பாக்கமும் நிரம்பி வழியும்போது, வேளச்சேரி அடுக்கக வாசலில் பார்சலோடு நிற்கும் தபால்காரரிடம் காவலாளி, “எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க” என்பார். பார்சல் அஞ்சலகத்தில் சில நாள் காத்திருந்துவிட்டு என் வீட்டுக்கே திரும்பி வரும். சேவையின் பிழை எதுவும் இதில் இல்லை. சொந்த ஊர் முகவரியைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டியது விற்பவரின் வேலை.

தனியார் கூரியர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் மதிப்புரை முழுமையாகாது. பல நிறுவனங்களின் கட்டணங்களை ஒரே திரையில் காட்டி, வீட்டுக்கே ஆள் அனுப்பி எடுத்துச் செல்லும் இணைப்புச் சேவை ஒன்றை இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தினேன், பெயர் வேண்டாம். தை முதல் ஆவணி வரை எனக்கு அதில் குறை இல்லை. வெயிலில் அஞ்சலகத்துக்கு நடக்கும் வேலை மிச்சம், பெருநகரங்களுக்குக் கட்டணமும் சற்றுக் குறைவு. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. அந்த மாதம் 2-ஆம் தேதி பதினான்கு பார்சல்களைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை, சனிக்கிழமையும் வரவில்லை. செயலியில் மட்டும் “இன்று எடுக்கப்படும்” என்ற வரி ஒவ்வொரு காலையும் புதிதாகத் தோன்றியது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிய பெண், எங்கள் பகுதிக்கு உரிய ஆளுக்குச் சுமை கூடிவிட்டது என்றார். பாவம், அவர் என்ன செய்வார். திங்கட்கிழமை காலை பதிவை நீக்கிவிட்டுப் பதினான்கையும் ஆட்டோவில் ஏற்றி அஞ்சலகத்துக்குக் கொண்டுபோனேன். அவற்றில் மூன்று பண்டிகைக்குப் பிறகே சேர்ந்தன. மூன்றுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பார்சல் என் கையை விட்டுப் போன நாள் எது என்பது என் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். நானே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கும் முறையில் அந்த நாள் ஐயத்துக்கு இடமில்லாதது. கால்வலி அதற்கான விலை.

ஸ்பீடு போஸ்ட்டில் எனக்கு நிறைவில்லாத இடம் இழப்பீடு. தாமதமானால் செலுத்திய கட்டணம். தொலைந்தாலோ சேதமடைந்தாலோ கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. நூறு ரூபாய்க் கட்டணத்தில் போகும் 1,800 ரூபாய்ச் சேலை தொலைந்தால் கைக்கு வருவது 200. விலை கூடிய பொருளுக்குத் தனியாகக் காப்பீடு செய்துகொள்ளலாம். பட்டு விற்பவர்கள் அவசியம் செய்ய வேண்டும். பருத்தி விற்கும் நான், காப்பீட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சேலையை விற்காமல் எடுத்துவைக்கிறேன். பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கையில் வாடிக்கையாளருக்குத் தேவைப்படுவது பணமன்று, அதே சேலை.

இடையில் ஒரு வேடிக்கையான வேண்டுகோளையும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் யாராவது ஒருவர், “பக்கத்துலதானே சிவகாசி, ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி உள்ள வச்சு அனுப்பிடுங்களேன்” என்று கேட்கிறார். வெடிபொருளை அஞ்சலில் வைத்து அனுப்புவதற்குத் தடை இருக்கிறது. பட்டாசை இணையத்தில் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2018 அக்டோபர் 23 அன்று உத்தரவிட்டிருக்கிறது. ஒரு மத்தாப்புப் பெட்டிக்காக ஒரு மூட்டை அஞ்சலையே எரிய விடும் துணிச்சல் எனக்கு இல்லை.

வெளிநாட்டுப் பார்சல்களில் கடந்த ஆண்டு கற்ற பாடம் வேறு வகையானது. 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு இருந்த சுங்க வரி விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியது. அதையொட்டி ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பெரும்பாலான அஞ்சல் பொருள்களை ஏற்பதை இந்திய அஞ்சல் துறை நிறுத்திவைத்தது. விமான நிறுவனங்கள் ஏற்றிச்செல்ல முன்வரவில்லை, வரியை யார் எப்படி வசூலித்துக் கட்டுவது என்பதும் தெளிவாகவில்லை. சேவை மீண்டும் தொடங்கியது அக்டோபர் 15 அன்று. கடந்த ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 20. ஐந்து நாளில் நியூ ஜெர்சிக்கு எதுவும் போகாது. என்னிடம் அப்போது ஒன்பது அமெரிக்க ஆர்டர்கள் இருந்தன. நான்கு பேர் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள். மூவர் பொங்கலுக்குக் கட்டிக்கொள்கிறோம் என்றார்கள். இருவரின் சேலைகள் ஊருக்கு வந்திருந்த உறவினரின் பெட்டியில் ஏறிப் போயின. எந்த நாள் கணக்கும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. ஆனால் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அனுப்பியிருந்தால் ஒன்பதும் போயிருக்கும் என்பதும் உண்மை. வரி விகிதங்கள் அதன் பிறகும் நிலைத்து நிற்கவில்லை. அமெரிக்காவுக்கு அனுப்புபவர்கள் பார்சல் கட்டும் வாரத்தில் அஞ்சலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, வரியை யார் கட்டுவது என்பதை வாடிக்கையாளரிடம் எழுத்தில் பேசிவிட வேண்டும்.

தீபாவளி பொது விடுமுறையாக உள்ள சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நான் ஐந்து வாரம் முன்பே கதவை மூடிவிடுகிறேன். அங்கே ரவிக்கைத் தையற்கூலி கூடுதல் என்பதால் பலர் இங்கேயே தைத்து அனுப்பச் சொல்கிறார்கள், அதற்கு ஒரு வாரம் தனி. சுங்கப் படிவத்தில் “துணி” என்று மட்டும் எழுதாமல், “பருத்திச் சேலை, எண்ணிக்கை 2” என்று எழுதி உண்மையான விலையைப் போட வேண்டும். விற்ற பொருளைப் பரிசு என்று எழுதி அனுப்பும் குறுக்குவழியைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். விற்பனைக்கென்றே 2022 முதல் அஞ்சலகங்களில் ஏற்றுமதி மையங்கள் இருக்கும்போது அந்த வேலை எதற்கு?

அனுப்பும் நாளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அனுப்புவதற்குச் சேலை கையில் இருக்க வேண்டுமே? 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, முடிச்சிட்டுச் சாயம் தோய்த்து வெயிலில் காயவைக்கும் துணி. சௌராஷ்டிரப் பெண்கள் நகக்கண் வலிக்க ஒவ்வொரு புள்ளியாகக் கட்டுவது ஒரு பக்கம்; சாயம் தோய்த்த பிறகு மொட்டைவெளியில் இரண்டு நாள் நல்ல வெயில் கிடைப்பது இன்னொரு பக்கம். சின்னாளபட்டியில் இன்று பெரும்பாலும் மெழுகு அச்சுச் சுங்குடிதான் என்றாலும் அதற்கும் வெயில் வேண்டும். வடகிழக்குப் பருவமழை 2024-இல் அக்டோபர் 15-இலும், 2025-இல் அக்டோபர் 16-இலும் தொடங்கியது. ஆகவே தீபாவளி நவம்பர் 8-க்குத் தள்ளிப்போனாலும் சாயப்பட்டறைக்கு அது தள்ளிப்போகவில்லை. நான் சேலை வாங்கும் பட்டறைக்காரரிடம் இந்த ஆண்டு செப்டம்பர் 25-க்குள் முழுச் சரக்கும் வேண்டும் என்று சொன்னேன். “வெயிலக் கேட்டுச் சொல்றேன்மா” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வாங்குபவர்கள் பக்கத்திலும் ஒரு நாள் இருக்கிறது: சம்பள நாள். அக்டோபர் 13-க்குள் அனுப்ப வேண்டும் என்றால், வாடிக்கையாளரின் கையில் இருப்பது செப்டம்பர் மாதச் சம்பளம் ஒன்றுதான். அக்டோபர் சம்பளமும் பெரும்பாலான போனஸும் வருவதற்குள் தையற்கடை அட்டை தொங்கிவிடும். அதனால் கடந்த ஆண்டிலிருந்து, சேலையை இப்போது அனுப்பிவிட்டுப் பாதிப் பணத்தை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளும் முறையைப் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் ஏமாற்றவில்லை. எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

மொத்தத்தில், வீட்டிலிருந்து வந்து எடுத்துப்போக வேண்டும், பொருளின் மதிப்பு முழுவதும் ஈடாக வேண்டும், வண்டி எந்தச் சந்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும் என்பவர்களுக்கு ஸ்பீடு போஸ்ட் ஏற்றதன்று. நாடெங்கும் சிதறிய பின்கோடுகளுக்குச் சிறு சிறு பார்சலாக அனுப்புபவர்களுக்கும், தாமே நாள் குறித்து அதன்படி நடப்பவர்களுக்கும் இதைவிட நம்பகமான ஒன்றை நான் பார்க்கவில்லை. அதுவும் தீபாவளிக்கு முந்தைய மூன்றாவது வாரம் வரைதான். அந்தக் கடைசி இரண்டு வாரங்களில் வாக்குக் கொடுத்து அனுப்பக்கூடிய சேவை எதுவும் என் கண்ணில் படவில்லை.

என் நோட்டில் மிகத் தொலைவான பின்கோடு 744-இல் தொடங்குகிறது. அந்தமானில் இருக்கும் ஓர் ஆசிரியை. பூர்விகம் இராமநாதபுரம் பக்கம். முதல் ஆண்டு அவருக்கு அனுப்பிய அரக்குச் சிவப்புச் சேலை பதினொரு நாள் எடுத்துக்கொண்டது, அது போனபோது தீபாவளி முடிந்திருந்தது. அவர் கோபப்படவில்லை, அடுத்த ஆண்டு விநாயகர் சதுர்த்தி முடிந்த கையோடு பணம் அனுப்பிவிட்டு, “எனக்கு முதல்ல கட்டிருங்க, எங்க ஊருக்கு எல்லாமே லேட்டுத்தான்” என்று ஒரு செய்தி போட்டார். அன்றிலிருந்து பண்டிகைப் பார்சல்களில் முதலில் கட்டுவது அவருடையதுதான். இந்த ஆண்டு சதுர்த்தி செப்டம்பர் 14. அவருடைய சேலை 21-ஆம் தேதி திங்கட்கிழமை காலைப் பையில் போகிறது. மயில் கழுத்து நிறம் கேட்டிருக்கிறார், பட்டறைக்காரர் வெயிலைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.